வாய்க்கால் கரையில் ஆறாவது வீடு

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று நலன்புரிச் சங்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். போன வருட மலரைக் கொடுத்து, இப்படி எழுதினால் போதும் என்றார்கள். வாசித்தேன். ஓய்வுபெற்ற எல்லோரும் அர்ப்பணிப்போடு சேவை செய்திருக்கிறார்கள். எல்லோரும் மக்களின் கண்ணீரைத் துடைத்திருக்கிறார்கள். அத்தனை பேர் துடைத்தும் அரசாங்கக் கச்சேரி வாசலில் சனம் ஏன் இன்னும் அழுதுகொண்டு நிற்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை.

எனக்கு அப்படி எழுத வராது. நான் குடியேற்ற உத்தியோகத்தராக இருந்தேன். அரசாங்கம் காட்டை வெட்டிக் கொடுத்த காணிகளில் ஆட்கள் ஒழுங்காகக் குடியிருக்கிறார்களா, விற்றுவிட்டு ஓடினார்களா, பக்கத்துக் காணியை விழுங்கினார்களா என்று பார்ப்பது என் வேலை. அந்த வேலையில் பாதி நேரம் ஸ்கூட்டரில் இருந்தேன். மீதி நேரம் கோபத்தில் இருந்தேன். சுற்றறிக்கைகளை நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு குடும்பஸ்தரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இறக்காமத்துக்கு அந்தப் பக்கம், குளத்திலிருந்து வாய்க்கால் போகும் வழியில் ஒரு குடியேற்றம் இருக்கிறது. கரையோர ஊர்களில் காணியில்லாத குடும்பங்களுக்குக் கொடுத்த இடம். கடலுக்குப் போனவர்களும் தறி நெய்தவர்களும் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்து இறங்கினார்கள். ஒரு போகம் பார்த்தார்கள். காய்ச்சல் வந்தது, யானை வந்தது. முக்கால்வாசிப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பக் கடற்கரைக்கே போய்விட்டார்கள். போகாமல் நின்றவர்களில் முதல் ஆள் மருதமுனை ஆதம்பாவா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், எல்லோருக்கும் அவர் ஆதம்பாவாக் காக்கா. அந்த இடத்தில் முதலில் நடந்தது எல்லாம் அவருடையதுதான். முதல் கிணறு அவர் தோண்டியது. முதல் பள்ளிவாசல் அவர் போட்ட கிடுகுக் கொட்டில். முதலில் பிறந்தது அவருடைய பிள்ளை. முதல் எல்லைச் சண்டையும் அவருடையதே.

நான் முதல்முறை எல்லை பார்க்கப் போனபோது அவருக்கு வயது போய்விட்டது. வாய் மட்டும் இளமையாக இருந்தது. என்னைக் கதிரையில் இருத்திவிட்டு ஆரம்பித்தார்.

"மிஸ், நான் வரக்குள்ள இஞ்ச ஒரு ஊடு இல்ல. ஒரு வேலி இல்ல. நானும் யானையும்தான்."

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி செயினம்பு உம்மாவின் குரல் வந்தது.

"அப்ப நான் எங்க நிண்டன்? மரத்துல தொங்கிக்கிட்டு நிண்டனா?"

"இவவும் நிண்டா மிஸ். யானைக்குப் பொறகு வந்தவ."

"யானை இவர்ட கதையக் கேக்கத்தான் மிஸ் வந்திச்சி. கேட்டுட்டு ஓடினதுதான், பொறகு அந்தப் பக்கமே வரல்ல."

நான் சேர்ந்த வருடம் அந்தக் கதையில் ஒரு யானைதான் இருந்தது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது நாலாகியிருந்தது. கடைசியாகக் கேட்டபோது குட்டியும் சேர்ந்திருந்தது. குடியேற்றத்திலேயே வேகமாகப் பெருகியது ஆதம்பாவாக் காக்காவின் யானைகள்தான்.

அவர் அந்தக் காட்டுக்கு வீரத்தால் வரவில்லை. வீட்டுக்காக வந்தார். நம் கரையில் வீடு பெண்ணோடு வரும். தமிழரோ முஸ்லிமோ, மகளைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பான். செயினம்புவுக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை. ஆதம்பாவா அவரைத்தான் முடிப்பேன் என்று நின்றார். ஊடில்லாத பொண்ண முடிச்சி எங்கடா படுப்பாய், தறிக்குக் கீழயா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் நிக்காஹை முடித்துக்கொண்டு நேரே காணி விண்ணப்பம் எழுதப் போனார்.

"எனக்கு ஊடு தர ஆளில்ல மிஸ். கவுன்மெந்துதான் எனக்கு மாமனார்" என்பார்.

அந்த மாமனாரின் வளவில் அவருக்கு ஐந்து பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். ஐந்தும் வளர்ந்தன. மூத்த மகள் பரீதாவுக்குக் கலியாணம் வந்தபோது றோட்டைப் பார்த்துக் கட்டியிருந்த கல்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு வீடு கட்டிப் புருசனும் பெண்சாதியும் அங்கே போனார்கள். இரண்டாவது மகளுக்கு அந்த வீடு போனது. இன்னும் பின்னால் போனார்கள். ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு வீடு முன்னே போகும், இவர்கள் இருவரும் ஒரு வீடு பின்னே போவார்கள். வீடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சிறுக்கும். வளவின் பின்வேலிக்கு அப்பால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் காடு. இப்படியே போனால் கடைசி மகளின் கலியாணத்தோடு யானைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் ஆகிவிடும் காக்கா என்று நான் சொல்லியிருக்கிறேன். வாற சம்பந்தத்த விடக்கூடாது மிஸ் என்று சிரிப்பார்.

சட்டப்படி ஒரு காணி உத்தரவுப்பத்திரத்துக்கு ஒரு வீடு. வளவைப் பிரிக்கவும் கூடாது, சீதனமாகக் கொடுக்கவும் கூடாது. ஒரு நாள் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"மிஸ்ஸுக்கு ஊடு ஆரு தந்த?"

"எங்கட அப்பா."

"இப்ப அப்பா எங்க படுக்கிற?"

கல்முனையில் நான் இருக்கும் வீடு என் சீதன வீடு. என் அப்பா குசினிக்குப் பக்கத்து அறையில் படுத்தார். அதைச் சொன்னேன்.

"அறையா? நல்ல வசதி" என்றார்.

அதற்குப் பிறகு நான் வீடுகளை எண்ணவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் கரையிலிருந்து வந்த குடும்பத்தில் ஒன்றுகூட அந்தக் குடியேற்றத்தில் மிஞ்சியிருக்காது. இதை நான் மலரில் எழுதுவது மேலிடத்துக்குப் பிடிக்காது. எனக்கு ஓய்வூதியம் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கடைசி மகள் றிஸ்னா. அக்கரைப்பற்றில் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஒரு பொடியனுக்குப் பேசி முடித்தார்கள். பொடியன் நல்லவன், வாய் பேசாதவன். அவனுக்கும் சேர்த்து அவனுடைய தகப்பனின் அண்ணன், பெரியவாப்பா பேசுவார். வந்து பார்த்துவிட்டு, ஊடு வெறும் ஊடாத்தானே தாறீங்க என்று மட்டும் கேட்டாராம். சாமான் இல்லாமலா, ஆட்கள் இல்லாமலா என்று அவர் விளக்கவில்லை. ஆதம்பாவாக் காக்காவுக்கு விளங்கியது. ஐந்தாவது வீட்டை வெள்ளையடித்து மகளுக்கு விட்டார். பிறகு பின்வேலியைக் கடந்து, வாய்க்கால் கரையிலே, பழைய தகரங்களை அடித்து ஒரு குடில் போட்டுப் பெண்சாதியோடு குடி போய்விட்டார். அது அவருடைய காணியே இல்லை. வாய்க்கால் ஒதுக்கு, அரசாங்க நிலம். குடில் கரையில் அடி வைக்க இடமில்லாமல் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.

பெரும்போகத்துக்கு முன்னால் அந்த வாய்க்காலைத் தூர் வார வேண்டும். பெக்கோ என்ற மண் தோண்டும் இயந்திரம் அந்தக் கரையால்தான் போக வேண்டும். மற்றக் கரை முழுக்கக் காடு. தூர் வாராவிட்டால் கீழ் வட்டை வயல்களுக்குத் தண்ணீர் ஏறாது. விவசாய அமைப்பின் செயலாளர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"முதல் குடியேறின மனுசன்தான் மிஸ், ஒப்புக்கொள்றம். அதுக்காக வாய்க்காலுக்குள்ளயா குடியேறுற? எங்கட வேளாண்மை காஞ்சா ஆரு பொறுப்பு?"

அப்போது எனக்கு மேலே இருந்தவர் கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறை முடித்துப் புதிதாகத் திரும்பியிருந்தார். எல்லாத் தரப்பையும் கூப்பிடுங்கள், வட்டமாக இருத்துங்கள், மனம்விட்டுக் கதைக்கவிடுங்கள், தீர்வு அவர்களிடமிருந்தே வரும் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சொன்னதைச் செய்தேன்.

பரீதா வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாகப் போட்டு எல்லோரையும் இருத்தினேன். நாலு மருமக்கள், ஐந்து மகள்மார், அக்கரைப்பற்றிலிருந்து பெரியவாப்பா, வேலிக்கு வெளியே பாதிக் குடியேற்றம். நான் கேட்டேன்.

"காக்காவும் உம்மாவும் வாய்க்கால் கரையில இருக்க ஏலாது. உங்கள்ல ஆர் அவங்களைக் கூட்டிக்கொண்டு போறீங்க?"

நாலு மருமக்களும் ஒன்றாக எழும்பினார்கள்.

"எங்கட ஊட்டுக்கு வாங்க மாமா."

"மாமாக்குப் படியேற ஏலா. எங்கட ஊட்டுல படி இல்ல."

"எங்கட ஊட்டுல பேன் இரிக்கி."

"பேன் இரிக்கி, மழைக்கு ஒழுகுது. மாமா, நீங்க இஞ்ச வாங்க."

பயிற்சிப் பட்டறைக்காரர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். எனக்கே ஒரு கணம், சீ, பட்டறைக்காரரை மனதுக்குள் சும்மா ஏசினேனே என்று இருந்தது. ஆதம்பாவாக் காக்கா எழும்பினார். சாரத்தை உதறிக் கட்டினார். பின்வேலியைத் தாண்டித் தகரக் குடிலுக்குப் போய்விட்டார். செயினம்பு உம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மூணு புள்ளைட முகத்துல கரியப் பூசுங்க, எந்த மூணு எண்டு நீங்களே தெரிஞ்செடுங்க எண்டு கேட்டீங்களே மிஸ்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் பார்க்க நாலு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் மற்ற மூன்று மகள்மாரும் வாப்பாவை வைத்துப் பார்க்கத் தகுதியில்லாதவர்கள். ஐந்தாவது வீட்டுக்குப் போனாலோ பெரியவாப்பா கலியாணத்தைக் குழப்புவார். கூட்டத்துக்கு முன்னால் என்றால் ஒரு மழை நாளில், ஒரு காய்ச்சல் சாட்டில், மனிசன் சத்தமில்லாமல் ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்திருக்கலாம். அந்தக் கதவையும் நான்தான் பூட்டினேன், அதுவும் வட்டமாகக் கதிரை போட்டு.

பிள்ளைகளே, எந்தப் பதிலைச் சொன்னாலும் ஒருவருக்கு மானம் போகும் என்றால் அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். பட்டறையில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். அங்கே மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருக்கும்.

பெக்கோ வந்த அன்று காலையிலேயே போய்விட்டேன். இயந்திரம் வளவின் மேல்மூலையில், குடிலுக்குச் சற்றுத் தள்ளி, இயக்கியபடியே நின்றது. சாரதித் தம்பி சொன்னான்: "மிஸ், பின்னேரம் நான் வேற வாய்க்காலுக்குப் போக வேணும். இண்டைக்கு விட்டா விதைப்புக்கு முதல் நான் இஞ்சால வர மாட்டன்." கீழ் வட்டைக்காரர்கள் கூடிவிட்டார்கள். முதலில் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். வெயில் ஏற ஏற மரியாதை இறங்கியது. "தகரத்தத் தூக்கி வாய்க்காலுக்குள்ள போடுங்கடா" என்று ஒருவன் கத்தினான். பரீதாவின் புருசன் அவனுடைய சட்டையைப் பிடித்தான். அக்கரைப்பற்றுப் பெரியவாப்பா, எங்கேயோ கேள்விப்பட்டு, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். றிஸ்னா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குக் கலியாணம் வேணா. உம்மாவ உள்ள வரச் செல்லுங்க."

மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. பொலிசைக் கூப்பிடுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். சிக்னல் இருந்தது.

பொலிஸ் வந்தால் முதல் குடியேறியவரைக் கையைப் பிடித்து இழுப்பார்கள். அதைப் பார்த்த பிறகு அந்தப் பெரியவாப்பா அங்கே பெண் எடுக்க மாட்டார். வராவிட்டால் கீழ் வட்டைக்குத் தண்ணீர் இல்லை. ஆதம்பாவாக் காக்கா குடிலுக்கு வெளியே கவிழ்த்த வாளியில் குந்தியிருந்தார். நான் போய் வாயைத் திறக்குமுன் கையை உயர்த்தினார்.

"என்னோட கதைக்காதீங்க மிஸ். நான் விடியச் சுபஹுத் தொழுகையோடயே எழும்பிப் போக ஆயத்தம். உள்ள கேளுங்க."

அப்போதுதான் தெரிந்தது. அடம்பிடிப்பது அவர் இல்லை.

உள்ளே செயினம்பு உம்மா அடுப்படியில் இருந்தார். புது அடுப்பு, மண் இன்னும் முழுக்கக் காயவில்லை. ஒரு மூலையில் சாரத்தைக் கட்டி மறைப்புச் செய்திருந்தார். தரை மெழுகியிருந்தது.

"இரிங்க மிஸ். தேத்தண்ணி ஊத்துறன்."

"பெக்கோ நிக்குது உம்மா."

"நிக்கட்டும். அந்தப் புள்ளைக்கும் ஊத்துறன்."

ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அஞ்சு ஊட்டுக்கு மண் கொழச்சன் மிஸ். அஞ்சுலயும் அடுப்பு நான்தான் போட்ட. ஒரு அடுப்பு கைக்குப் பழகி வரக்குள்ள ஒரு மகள் பெரிசாகிடுவா. குடுத்தன். சந்தோசமாத்தான் குடுத்தன். எனக்கு ஒருத்தரும் தரல்ல, எண்ட புள்ளைகளுக்கு அந்தக் கொற இரிக்கக்கூடாது. இப்ப குடுக்கிறதுக்கு ஒரு மகளும் மிச்சமில்ல. இந்தத் தகரத்த எந்த மாப்புள்ளையும் சீதனமாக் கேக்க மாட்டான். அப்ப இது எண்ட ஊடுதானே?"

நான் சட்டம் சொல்லத்தான் உள்ளே போனேன். வாய்க்கால் ஒதுக்கு, அத்துமீறல் என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். வந்தது கோபம்தான். யார் மேல் என்று தெரியாத கோபம். குனிந்து அவருடைய காதுக்குப் பக்கத்தில் சொன்னேன்.

"உம்மா, வடிவாக் கேளுங்க. அந்த வளவு காக்காட பேரில இருக்கு. காக்காவுக்குப் பிறகு உங்களுக்கு. நீங்க ஹயாத்தோட இருக்கிற வரைக்கும் அந்த வளவில இருந்து உங்களை எழுப்ப ஒருத்தருக்கும் ஏலாது. மகள்மாருக்குக் குடுத்தது எல்லாம் வாய்ப்பேச்சு. சட்டத்தில ஒரு வீடும் கைமாறவே இல்ல."

கோப்பையைத் தரையில் வைத்தார்.

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

தகரத்து இடுக்கால் வளவைப் பார்த்தார். ஐந்து கூரையும் வரிசையாகத் தெரிந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது.

"அப்ப மருமக்கள் நாலு பேரும் எனக்கிட்டயா வாடகைக்கு இரிக்காங்க?"

சிரிப்பு சட்டென்று நின்றது. என் கையைப் பிடித்தார்.

"மிஸ், அல்லாஹ்வுக்காக இத வெளியில செல்லிப்போடாதீங்க. வெளியில நிக்கிற மனுசன்ட காதுல உழுந்தா றிஸ்னாட கலியாணம் நிண்டுடும். மத்த நாலு ஊட்டுலயும் சண்டை வரும்."

அவர் சொன்னது சரி. என்னிடம் இருந்த ஒரே ஒரு நல்ல சட்டத்தை நான் வெளியே எடுக்க முடியாது. பிள்ளைகளே, இது உங்களுக்கும் வரும். உண்மையைச் சொன்னால் ஒரு வீடு விழும், சொல்லாவிட்டால் ஒரு ஆள் விழும். அந்த நேரம் சுற்றறிக்கையைப் புரட்டாதீர்கள். எதிரில் இருப்பவரைக் கேளுங்கள்.

"அப்ப நீங்களா எழும்பி உள்ள போங்க உம்மா."

"நானாப் போனா, குடுத்த ஊட்டுக்கே திரும்பி வந்துட்டா எண்டு ஊர் செல்லும். ஒரு மகள்ட போனா மத்தவள் அழுவாள்." கொஞ்சம் யோசித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஏசுங்க மிஸ்."

"ஆரை?"

"இந்த மனுசனத்தான். நல்லா, றோட்டுக்குக் கேக்க. கவுன்மெந்து ஏசினா ஆருக்கும் வெக்கம் இல்ல. புயல் அடிச்சி ஊட்ட மாத்தின மாதிரி."

தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே வந்தேன். இடுப்பில் கை வைத்தேன்.

"ஆதம்பாவாக் காக்கா! உத்தரவுப்பத்திரக்காரன் காணிக்குள்ள குடியிருக்க வேணும் எண்டு பத்திரத்தில போட்டிருக்கு, கண் தெரியாதா? காணிக்கு வெளியில குந்திக்கொண்டு இருக்கிற ஆளுக்குக் காணி என்னத்துக்கு? இண்டைக்கு லுஹர்த் தொழுகைக்கு முதல் மூத்த மகள்ட வீட்டில உங்கட பாய் விரிக்கப்பட வேணும். இல்லாட்டி முழு வளவையும் அரசாங்கத்துக்கு எடுப்பன்! போகம் முடியும் வரைக்கும் அங்க. அதுக்குப் பிறகு ரெண்டாவது வீடு. பிறகு மூண்டாவது. கட்டின அத்தனை வீட்டிலயும் குடியிருந்து காட்ட வேணும். ஒரு வீட்டைத் தவறவிட்டாலும் நான் வருவன்!"

குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். மற்றதெல்லாம் அந்த நேரம் என் வாயில் வந்தது. மூத்தவளிலிருந்து வரிசையாக என்றால் ஒருத்திக்கும் குறை இல்லை. கடைசி மகளின் முறை வர இரண்டு வருடமாவது போகும். அதற்குள் புது மாப்பிள்ளை பழைய மாப்பிள்ளையாகிவிடுவான்.

நான் நிறுத்தியதும் எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள்.

"எங்கட வாப்பாவ ஏச நீங்க ஆரு?" பரீதாதான் முதல்.

"வயசுபோன மனுசன்ட பதுவா சும்மா விடாது மிஸ்."

"மேலிடத்துக்கு எழுதுவம். இவவுக்கு இடமாத்தம் எடுக்காம விடமாட்டம்."

தகரத்தைத் தூக்கி வாய்க்காலில் போடச் சொன்னானே, அவனே முன்னால் வந்து, பாவம் மனுசன் என்று சொல்லிக்கொண்டு தகரங்களைப் பக்குவமாகக் கழற்றினான். சட்டையைப் பிடித்த பரீதாவின் புருசன் மற்ற முனையைத் தாங்கினான். அக்கரைப்பற்றுப் பெரியவாப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இப்படியும் ஒரு பொம்புளையா? எங்கட சம்பந்தி மனுசன இப்படி ஏசிறாவே!"

சம்பந்தி என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதும்.

ஆதம்பாவாக் காக்கா வாளியிலிருந்து எழும்பினார். முகத்தை மறியற்சாலைக்குப் போகிறவர் மாதிரி வைத்துக்கொண்டு, "கவுன்மெந்து செல்லக்குள்ள நாம என்ன செய்யிற" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். என்னைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தி, "கண் தெரியாதா எண்டது கொஞ்சம் கூடிட்டு மிஸ்" என்றார்.

அவருக்குப் பின்னால் செயினம்பு உம்மா சட்டிபானையோடு நடந்தார். விருந்தாளியின் நடை இல்லை அது. பரீதா வீட்டுக் குசினிக்குள் கால் வைத்தவுடன் அவருடைய சத்தம் முற்றம் வரைக்கும் கேட்டது.

"நான் போட்ட அடுப்ப ஆருடி இடிச்ச?"

பெக்கோ அன்று பின்னேரத்துக்குள் அந்தத் துண்டை முடித்துவிட்டது. தண்ணீர் கீழ் வட்டைக்கு ஏறியது. என் மேல் முறைப்பாடு போனது, நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், மேலே இருந்தவர் இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நிம்மதியாக வேலை செய்தேன். றிஸ்னாவின் கலியாணம் நடந்தது. எனக்கு அழைப்பு இல்லை. ஏசினவளை எப்படி அழைப்பது? ஆனால் அடுத்த நாள் ஒரு சட்டி இனிப்பு வட்டலப்பம் இறக்காமத்திலிருந்து பஸ்ஸில் ஏறி, யாருடைய பெயரும் இல்லாமல் என் கந்தோருக்கு வந்தது.

அந்தப் போகம் முடிந்தபோது செயினம்பு உம்மா தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், நெல்லு வெட்டி முடிஞ்சி."

"சந்தோசம் உம்மா."

"சந்தோசம் இல்ல மிஸ். எப்ப வாறீங்க ஏச?"

போனேன். வளவு வாசல் கடப்படியில் நின்று கத்தினேன். பாயைச் சுருட்டிக்கொண்டு இரண்டாவது வீட்டுக்குப் போனார்கள். அடுத்த போகம் மூன்றாவது. ஒருமுறை எனக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்டியிருந்தது. இருந்த குரலில் ஏசிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினால், வேலிக்குள்ளிருந்து "இண்டைக்குக் காணாது மிஸ், பக்கத்து ஊட்டுக்கே கேக்கல்ல" என்று உம்மா குறைப்பட்டார். ஐந்து வீடும் சுற்றி முடிந்து மறுபடி பரீதாவில் தொடங்கினார்கள். றிஸ்னாவின் புருசன், வாய் பேசாதவன், மாமா வரும் முறைக்கு முற்றத்தில் ஒரு சாய்மனைக் கதிரை வாங்கிப் போட்டிருந்தான். ஆதம்பாவாக் காக்கா அதில் சாய்ந்துகொண்டு, இஞ்ச நானும் யானையும் பொறகு அந்த மிஸ்ஸும் என்று, வருகிறவர்களுக்குக் கதை சொல்வாராம்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். பட்டதாரி. பண்பான பிள்ளை. போன கிழமை எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மிஸ், இறக்காமப் பக்கம் இருந்து ஒரு வயசான உம்மா வந்தவா. நெல்லு வெட்டி முடிஞ்சிது, எப்ப ஏச வாறீங்க எண்டு கேட்டவா. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. இருத்தி, தண்ணி குடுத்து, உங்களை இனி ஒருத்தரும் ஏச மாட்டாங்க உம்மா, பயப்படாம வீட்டில இருங்க எண்டு அன்பாத்தான் சொன்னன். அழுதுகொண்டு போயிட்டா. நான் என்ன பிழை விட்டன் மிஸ்?"

நீ பிழை ஒன்றும் விடவில்லை, மகள். அன்பாக இருந்தாய், அவ்வளவுதான். அதனால் இரண்டு கிழவர்கள் இப்போது மூன்றாவது வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். நாலாவது மகள் அறையைக் கூட்டிப் பாய் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். இடையில் ஒரு முற்றம்தான். ஒருவர் வந்து ஏசாமல் அதைத் தாண்ட அவர்களால் முடியாது.

நாளைக்கே போ. உள்ளே போய் உட்காராதே, தேத்தண்ணி தருவார்கள், குடிக்காதே, குடித்தால் உனக்கு ஏச வராது. கடப்படியிலே நில். றோட்டால் போகிறவர்கள் இரண்டு பேராவது நிற்கும் வரை பொறு. காக்காவின் பெயரைச் சொல்லித் தொடங்கு. கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாதே, அது அவருக்குப் பிடிக்காது. பரீதா வந்து நீ ஆரு என்று கேட்பாள். மருமக்கள் உன்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவோம் என்பார்கள். எழுதட்டும். வளவு யாருடையது என்ற சட்டத்தை மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே. பாய் நாலாவது வீட்டுக்குள் போகும் வரைக்கும் சத்தத்தைக் குறைக்காதே.